வாரி வழங்கும் வாரியம்

இங்கிலாந்து வேல்ஸ் கிரிக்கெட் வாரியப் பெருந்தகையீர்! முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் பாடிப்பாடித் தழும்பேறிய தமிழ் நாவு, கவுண்டி என்னும் மாவட்ட அணிகளின் மைதானங்களுக்கு நவீனம் ஈந்த உங்களைப் பாடாது விட்டால் அது எம் மொழிக்கே இழுக்கு.

உங்கள் அருள் வெள்ளம் கரைபுரண்டது டர்ஹம் மண்ணில்தான். சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டுவந்த அந்த வடகிழக்குச் சீமையை 1992இல் முதல்தரக் கவுண்டிகளின் சபையில் அமர்த்தினார்கள், உங்களுக்கு முன் அரியணையில் இருந்தோர். 1921இல் வந்த கிளமார்கனுக்குப் பின் வேறெவரும் நுழையாத சபை அது. சும்மா உள்ளே வா என்று சொல்லிவிடலாமா? டெஸ்ட் தரத்தில் ஒரு மைதானம் கட்டிக்கொள் என்று அன்போடு அறிவுரைத்தார்கள். சேற்றுத் திடலும் மரப் பெஞ்சும் தேநீர்க் கடையுமாகக் குறைந்த செலவில் ஆடி, கடனில்லாமல் கிடந்து சீரழிந்திருப்பார்களே அந்த அப்பாவிகள்! அப்படியொரு அவமானத்திலிருந்து அவர்களைக் காத்த கருணையை என்னவென்பது!

செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில், லம்லி கோட்டை பார்த்திருக்க, வியர் ஆற்றங்கரையில் ரிவர்சைடு மைதானம் எழுந்தது. 1995இல் கவுண்டி ஆட்டம். 2003இல் ஜிம்பாப்வேயோடு முதல் டெஸ்ட். 1902க்குப் பின் இங்கிலாந்தில் புதிதாய் ஒரு டெஸ்ட் மைதானம் பிறந்தது அன்றுதான். சவுதாம்ப்டனும் கார்டிஃபும் பின்னாலேயே ஓடிவந்தன. லார்ட்ஸ், ஓவல் முதலான பழைய ஆறோடு சேர்த்து மைதானங்கள் ஒன்பது. ஒரு கோடையில் ஆடிய டெஸ்டோ அன்று பெரும்பாலும் ஏழு. ஏழு இலை போட்டு ஒன்பது பேரைப் பந்திக்கு அழைத்து, அதிக மொய் வைப்பவருக்கே இலை என்று அறிவித்த உங்கள் விருந்தோம்பலுக்கு ஈடு உண்டா? அரங்கை உயர்த்து, விளக்கை நடு, இருக்கையைப் பெருக்கு என்று நீங்கள் சொல்லச்சொல்லக் கவுண்டிகள் கடன் வாங்கிக் கட்டின. கட்டியதால் வந்த கடனை அடைக்க டெஸ்ட் வேண்டியிருந்தது. டெஸ்டைப் பெற உங்களிடம் ஏலத்தொகை கட்ட வேண்டியிருந்தது. அதற்கு மேலும் கடன். எத்தனை அழகான வட்டம்!

டர்ஹமுக்கு நீங்கள் இட்ட இலையின் சுவையும் தனி. 2009இலும் 2016இலும் டெஸ்டுக்கு மே மாதத்தை அருளினீர்கள். நாட்டின் வடகோடி டெஸ்ட் மைதானத்தில் மே மாதக் குளிரை மக்கள் நின்று நிதானமாய் அனுபவிக்கட்டும் என்ற தாயுள்ளம்! 2016இல் இலங்கைக்கு எதிராக அலஸ்டேர் குக் பத்தாயிரம் டெஸ்ட் ஓட்டங்களைத் தொட்டார். இங்கிலாந்து வீரர் எவரும் அதுவரை தொடாத எண். அந்த மகத்தான கணத்துக்குக் கூட்ட நெரிசல் இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று வரிசை வரிசையாய் வெற்று நாற்காலிகளை அங்கே அமர்த்திய நுண்ணறிவு யாருக்கு வரும்!

அதே ஆண்டு அக்டோபரில் கடனில் மூழ்கிய டர்ஹமுக்கு 38 லட்சம் பவுண்டு கொடுத்துக் கைதூக்கினீர்கள். தூக்கிய கையோடு, கவுண்டிப் போட்டியின் முதல் பிரிவில் நான்காம் இடம் பிடித்த அணியை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினீர்கள். அடுத்த ஆண்டுக் கணக்கை 48 புள்ளிகள் கழித்துத் தொடங்கச் சொன்னீர்கள். இனி உனக்கு டெஸ்டே கிடையாது என்றும் அருளினீர்கள். டெஸ்டுக்காகவே கட்டச் சொன்ன மைதானம்! அதனால், எட்டாம் இடம் பிடித்து இறங்கவேண்டிய சவுதாம்ப்டனின் ஹாம்ப்ஷயர் தப்பிப் பிழைத்தது. அதுவும் மைதானக் கடன் சுமந்து, 2012இல் நகரமன்றத்திடம் திடலைக் கொடுத்து மூச்சுவிட்ட கவுண்டிதான். ஒரே நோய்க்கு ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்குச் சவுக்கும் வைத்திருக்கும் உங்கள் நடுநிலைக்கு முன் துலாக்கோலும் நாணும். டர்ஹம் ஹார்மிசனையும் காலிங்வுட்டையும் ஸ்டோக்ஸையும் மார்க் வுட்டையும் நாட்டுக்கு ஆளாக்கித் தந்தது, 2008, 2009, 2013 என மூன்று முறை கவுண்டிப் பட்டம் வென்றது போன்ற சில்லறைக் காரியங்களைக் கண்டு நீங்கள் மனம் இளகவில்லை. ஆட்டக்காரரை வளர்ப்பது எவராலும் ஆகும், கட்டடமன்றோ கிரிக்கெட்!

கார்டிஃபில் காட்டிய பெருந்தன்மை இன்னும் ஒரு படி மேல். அங்கும் மைதானத்தைப் புதுப்பித்துக் கிளமார்கன் கடனாளி ஆனது. 2015இல் நகரமன்றம் உள்ளிட்ட கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். 2020 முதல் ஐந்தாண்டுகளுக்கு டெஸ்ட் கேட்காமல் இருப்பதற்கு அந்தக் கவுண்டிக்கு நீங்கள் தந்த தொகை 25 லட்சம் பவுண்டு. டெஸ்ட் நடத்தவென்று ஒருவரைக் கட்ட வைத்துத் தண்டித்தீர்கள். இன்னொருவரைக் கட்ட வைத்து, நடத்தாதிருக்கக் கூலி கொடுத்தீர்கள். புலவர்களுக்குப் பொன் கொடுத்த எந்த வள்ளலுக்கும், பாடாதிருக்கப் பொன் கொடுக்கத் தோன்றியதில்லை ஐயா!