பசுமை சார்

சென்னையில் இருபது வீடுகளுக்கு மேல் உள்ள எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் லிஃப்ட் ஒன்று, வாட்ச்மேன் ஒருவர், பசுமை சார் ஒருவர் நிச்சயம் உண்டு. லிஃப்ட் சில நாள் ஓடாது. வாட்ச்மேன் சில நாள் ஊருக்குப் போய்விடுவார். பசுமை சாருக்கு மட்டும் விடுமுறையே கிடையாது.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ பெரிய பதவியில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். அதுவரை அதிகாரம் செய்ய நாற்பது பேர் இருந்தார்கள். இப்போது பூமி இருக்கிறது. காலையில் மூங்கில் பிரஷ்ஷில் பல் தேய்த்துவிட்டு, செம்பு பாட்டிலும் கதர் குர்தாவுமாக இறங்குவார். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் மடித்து வைத்த இன்னொரு துணிப்பை. குர்தா பாக்கெட்டில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் உறை போட்ட எவர்சில்வர் ஸ்ட்ரா.

அந்த ஸ்ட்ராவால் அவருக்கு ஒருமுறை மனக்கஷ்டமே வந்தது. தெருமுனை ஜூஸ் கடையில் சாத்துக்குடி சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "எனக்கு பிளாஸ்டிக் ஸ்ட்ரா வேண்டாம்ப்பா" என்றார். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது இங்க கிடையாது சார். தடை பண்ணி எத்தனையோ வருஷமாச்சு." உண்மைதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பதினான்கு வகை நெகிழிப் பொருள்களில் ஸ்ட்ராவும் உண்டு. வேண்டாம் என்று மறுக்கும் பெருமையை அரசாங்கமே பறித்துக்கொண்டால் ஒரு மனிதர் என்னதான் செய்வார்?

பை விஷயத்திலும் இதே சிக்கல்தான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்குவதற்கு வெகு முன்பே நம்மவர் பை சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மாரத்தான் ஓட்டத்தில் ஒன்று, இயற்கை அங்காடித் திறப்பு விழாவில் ஒன்று, பனை விதை நட்டபோது ஒன்று. எல்லாவற்றிலும் உருண்டையாக ஒரு பூமி, அதன் தலையில் இரண்டு இலை. "பீரோவுல புடவை வைக்க இடமில்ல, எல்லாம் பூமியா இருக்கு" என்பது அவர் மனைவியின் புலம்பல். பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட, ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 அறிக்கை சொல்கிறது. இதை எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். பீரோவில் உள்ள பைகளை ஐம்பதால் பெருக்கிப் பார்க்கும் வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

உரம் தயாரித்த கதையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றடுக்கு மண்கலயம் ஆன்லைனில் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக், அதைச் சுற்றி முழம் முழமாக டேப். முதல் வாரம் கலயத்தோடு நின்ற படம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. இரண்டாம் வாரம் கலயத்தின் வாடை வந்தது. மூன்றாம் வாரம் புழு வந்தது. சுவரேறி அடுத்த வீட்டுப் பால்கனிக்கும் போனது.

"அது கறுப்புப் படைவீரர் ஈயோட புழு மேடம். நல்ல புழு" என்று விளக்கினார் சார்.

"நல்ல புழுன்னா உங்க வீட்லயே இருக்கட்டுமே சார். ஏன் எங்க வீட்டுக்கு அனுப்புறீங்க?"

பஞ்சாயத்து, குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரை போனது. கடைசியில் வாட்ச்மேன்தான் கலயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தி சார். காஞ்ச எலை போடுங்க. ஊர்ல எருக்குழிக்கு அப்படித்தான் போடுவோம்" என்றார். போட்டார்கள், பத்து நாளில் வாடை அடங்கியது. மறுநாளே சார் வாட்ச்மேனை நிற்க வைத்து, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு முப்பது பங்கு கார்பன் ஏன் தேவை என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். வாட்ச்மேன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி என்று நினைத்திருக்கலாம்.

மாடித் தோட்டம், மின்சாரக் கார், சூரிய மின்தகடு எல்லாம் தனித்தனிப் போர்கள். தோட்டத்துக்கு வாங்கிய செடிப் பைகள் அனைத்தும் பிளாஸ்டிக் என்பதை யாரோ சுட்டிக்காட்ட, சார் ஒரு வாரம் மொட்டை மாடிக்கே போகவில்லை. பச்சை நம்பர் பிளேட் காருக்கு சார்ஜ் போடும் மின்சாரம் யார் கணக்கில் என்ற சண்டையைக் கேட்டு அந்தக் காரே வெட்கப்பட்டிருக்கும். தனி வீடென்றால் மூன்று கிலோவாட் மின்தகட்டுக்கு மத்திய அரசே 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இங்கே கூரை யாருடையது என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இதெல்லாம் வெறும் மோஸ்தரா, நகரம் உண்மையிலேயே திருந்துகிறதா என்று எங்கள் குடியிருப்பில் அடிக்கடி விவாதம் நடக்கும். மோஸ்தர்தான் என்பது என் கட்சி. அந்தப் பொதுக்குழுக் கூட்டம் வரை.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இல் கட்டாயமாக்கினார்கள். அபராதத்துக்குப் பயந்து எங்கள் கட்டடத்திலும் கூரையிலிருந்து குழாய் இறக்கிக் குழி தோண்டினோம். பிறகு குழிமூடியின் மேல் பைக் நிறுத்த வசதியாக இருந்ததால் நிறுத்தினோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் குடிநீர் வந்தபோதுகூட, லாரிக்காரருக்குப் போன் செய்தோமே தவிர பைக்கை நகர்த்தவில்லை.

கூட்டத்தில் சார் வழக்கம்போல உருகும் பனிப்பாறையிலிருந்து ஆரம்பித்தார். பொருளாளர் கொட்டாவி விட்டார். செயலாளர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சார் திடீரென்று பனிப்பாறையை விட்டுவிட்டு லாரிக்கு வந்தார். "நம்ம மொட்டை மாடி நானூறு சதுர மீட்டர். சென்னையில வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு லிட்டர். மொத்தம் அஞ்சு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். பாதி வீணாப் போனாலும் பன்னெண்டாயிரம் லிட்டர் லாரியில இருபத்துமூணு லாரி. ஒரு லாரிக்கு நாம என்ன குடுக்குறோம்?"

கொட்டாவி பாதியில் நின்றது. பொருளாளர் கால்குலேட்டரை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு பைக்குகள் நகர்ந்தன, மூடி திறந்தது. உள்ளே வண்டல், இரண்டு காலி பீர் பாட்டில், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தொலைத்த டென்னிஸ் பந்துகள். சரளையையும் மணலையும் அள்ளிக் கழுவி மறுபடி நிரப்பினார்கள். ஒவ்வொரு புரட்டாசியிலும் இந்த வேலையைச் செய்வதென்றும், செலவை மாதாந்திர மெயின்டனன்ஸில் சேர்ப்பதென்றும் தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து என் கட்சி கொஞ்சம் மாறிவிட்டது. யாரோ ஒருவரின் உற்சாகத்தில் ஓடுகிற வரைக்கும் அது மோஸ்தர்தான். மெயின்டனன்ஸ் கணக்கில் ஏறிவிட்டால் முன்னேற்றம். ஆனால் பைத்தியம் பிடித்த மாதிரி விடாமல் நச்சரிக்க ஓர் ஆள் இல்லாமல் எதுவும் கணக்கில் ஏறுவதில்லை. 2003இல் சட்டம் குழி தோண்ட வைத்தது. அதன் மூடியைத் திறக்க வைத்தது, செம்பு பாட்டிலோடு திரிந்த, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த மனிதர்தான்.

அந்த பாட்டில் இப்போது அவர் கையில் இல்லை. கலயத்தை வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறார். சார் தற்சமயம் மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைக்க அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார். நாங்கள் பயத்தில் இருக்கிறோம்.

உங்கள் கட்டடத்திலும் ஒரு குழி இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மூடி எங்கே என்று தெரியாவிட்டால் உங்கள் பசுமை சாரைக் கேளுங்கள், கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள், பனிப்பாறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்.