கறளும் காரும்: கேள்வி-பதில்

வாப்பாவின் பழைய டட்சனை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுக்கலாம்தானே? இறக்குமதியும் திறந்துவிட்டது!
*வாசகர், மருதமுனை*

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மை. புதுக் கார் கப்பலில் வரும். உங்கள் வாப்பா ஓட்டிய கார் எந்தக் கப்பலில் வரும்?

மச்சான் ஒரு டட்சன் 1600 எஸ்.எஸ்.எஸ். வாங்கி வந்து "பந்தயக் கார்" என்கிறார். நாலு கதவுக் குடும்பக் காரில் என்ன பந்தயம்?
*வாசகி, நிந்தவூர்*

1970இல் கிழக்கு ஆபிரிக்க சஃபாரி ரேலியை வென்றதே அந்தக் குடும்பக் கார்தான்! அதன் உயிர் இரட்டைக் காபரேட்டரில் இருக்கிறது. பெற்றோலை மிச்சம் பிடிக்க யாராவது ஒற்றையைப் பூட்டியிருந்தால், கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய சோடியைத் தேடச் சொல்லுங்கள்.

கடற்கரையோர வீடு, காரெல்லாம் கறள். என்ன நிறம் அடிக்கலாம்?
*வாசகர், கல்முனை*

எதை அடித்தாலும் கொஞ்ச நாளில் கறள் நிறமாகிவிடும்! கடற்காற்றின் உப்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால், கறள் உள்ளிருந்தே தின்கிறது. கதவின் அடி, மிதிபாய்க்குக் கீழ், டிக்கித் தரை, மட்கார்ட்டின் உள்விளிம்பு, இங்கெல்லாம் சுரண்டிப் பாருங்கள். உக்கிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டச் சொல்லுங்கள். பட்டி பூசி மறைக்கும் டிங்கர் வேலைக்குச் சம்மதிக்கவே வேண்டாம். நிறம் கடைசி வேலை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய வண்டியென்றால் வயரிங்கையும் முழுதாக மாற்றுங்கள். செம்புக்கம்பி உறைக்குள்ளேயே பச்சை பிடித்திருக்கும், வெளியே தெரியாது.