சிறுவாணித் தண்ணீரில் கடற்சாமந்தி: ஓர் உப்புக்கரிக்கும் ஆய்வு

சிறுவாணித் தண்ணீரின் இனிப்பைப் பேசாத கோயம்புத்தூர்க்காரர் இல்லை. அந்தத் தண்ணீரையே வடிகட்டி, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கரைத்து, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கடல் செய்வோரும் இவ்வூரில் உண்டு. இம்முரண் தனி ஆய்வேட்டுக்குரியது. நிதி கிடைத்தால் எழுதப்படும்.

நம் ஆய்வுப்பொருள் அய்ப்டேசியா என்னும் கடற்சாமந்தி. கடற்பாறையில் ஒட்டிக்கொண்டு டிக்கெட் இல்லாமல் வந்திறங்குவது. பழுப்பு நிறம், நெட்டைத் தண்டு, கூர்நுனி உணர்கொம்புகள். தொட்டால் பொந்துக்குள் சுருங்கும், தொடாவிட்டால் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். நுனி குமிழாக இருந்தால் அது மஜானோ என்னும் வேறொரு கடற்சாமந்தி. மஜானோவுக்கு இவ்வளவு போதும்.

அய்ப்டேசியாவின் பெயரில் அறிஞர்க்கு உடன்பாடில்லை. 2014இல் எக்ஸைப்டேசியா என்று தனிப் பேரினம் கண்டார்கள். சிற்றினப் பெயர் பேலிடாவா டயாஃபனாவா என்ற வழக்கு சர்வதேச விலங்கியல் பெயரீட்டு ஆணையம் வரை போயிற்று. தொட்டியில் ஒன்று பத்தாவது அதனால் நிற்கவில்லை. நம்மவர் மட்டும் சளைத்தவர்களா? தொல்காப்பிய மரபியல்படி தொடுவுணர்வு மட்டும் உள்ளது ஓரறிவு. சுவையும் அறிந்தால் ஈரறிவு. செடிபோல் நிற்பதால் ஓரறிவே என்பர் ஒரு சாரார். இறால் துணுக்கை இழுத்து விழுங்குவதால் ஈரறிவு என்பர் மறுசாரார். இரு சாரார் வீட்டிலும் மீன்தொட்டி இல்லை.

இனி அகற்றும் முறை. கிள்ளுதல் ஆகாது: அடிப்பாகத்தின் துணுக்கு பாறையில் தங்கினால் அதுவே முழு உயிராகும். பெப்பர்மின்ட் இறால் தின்றாலும் தின்னும்; கடைக்காரர் ஒட்டக இறாலை மாற்றிக் கொடுத்தால் பவளமும் காலி. பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தை அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. எனவே வேலை முடிந்ததும், மானியம் தீர்ந்த ஆய்வுத் திட்ட உதவியாளர்போல், பட்டினி கிடக்கும்.

எஞ்சியது சுண்ணாம்பு. கொங்கு நாட்டின் பங்களிப்பு இங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டு டப்பாவில் கால்க்வாஸர் என்று வருவது கால்சியம் ஹைட்ராக்சைடு. அம்மிச்சி வெற்றிலையில் தடவுவதும் அதுவே. கெட்டியாகக் குழைத்து, சிரிஞ்சில் ஏற்றி, அலைமோட்டாரை நிறுத்தி, அய்ப்டேசியா சுருங்குமுன் அதன் வாயிலேயே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வைத்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன்கள் மல்லாந்துவிடும்.

அளவில்தான் சிக்கல். ‘ஒரு மொளகளவு’ என்பது மூலம் (அம்மிச்சி, வாய்மொழி, கிழக்குத் திண்ணை, வெற்றிலைக்கு முந்தைய பாடம்). ‘அதுல பாதி போதுங் கண்ணு’ என்பது பாடபேதம் (மேற்படியார், மேற்படி திண்ணை, வெற்றிலைக்குப் பிந்தைய பாடம், எச்சில் தெறித்ததால் இரு சொற்கள் சிதைந்துள்ளன). புகையிலை சேர்த்து விரிவாக்கிய மூன்றாம் பதிப்பில் (அதே திண்ணை, மேற்கு ஓரம், வெயில் ஏறிய பின், படிக்கத்தை நகர்த்தும்போது கூறியது) ‘அந்தக் கருமத்தத் தொட்டியோட கவுத்துப்போட்டுட்டு வேற பொழப்பப் பாரு’ என்று காண்கிறது. இது இடைச்செருகல் என்று தள்ளுவார் உளர். நடையை நோக்க, மற்ற இரண்டும்தான் இடைச்செருகலாகத் தோன்றுகின்றன.