ஒட்டியல்: உடைந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு புணர்ச்சி இலக்கணம்

சொல்லோடு சொல் சேர்வதற்கு விதி வகுத்த நம் இலக்கணிகள், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேர்வதைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறை நீக்கவே இச்சிற்றாய்வு. உடைந்தபின் பொருளோடு நிற்பது நிலைத்துண்டு. கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடி எடுப்பது வருதுண்டு. துடைப்பம் முந்திக்கொண்டால் ஆய்வு இங்கேயே முற்றும்.

விளிம்போடு விளிம்பு பிசிறின்றிப் பொருந்துவது இயல்புப் புணர்ச்சி. இதற்குரிய கருவி ஃபெவிக்விக். இவ்வகைப் பசை, இரண்டாம் உலகப்போரில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தலைகாட்டியது. கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கப்பட்டது. 1951இல் ஈஸ்ட்மன் கோடாக்கின் ஹாரி கூவர் குழு அதன் அருமையை உணர, 1958இல் கடைக்கு வந்தது. இறுகுவதற்கு அதற்கு வேண்டியது துளி ஈரம். விளிம்பைவிட விரலில் ஈரம் தாராளம். ஆகவே முதற்புணர்ச்சி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே நிகழும். பிரிக்க, அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி உதவும்.

இனி விகாரம். துண்டு தொலைந்து பள்ளம் விழுந்த இடத்தில் புதுப்பொருள் வருவது தோன்றல். ஆப்ப சோடாவைப் பள்ளத்தில் நிரப்பிப் பசையைச் சொட்டினால், குப்பென்று ஆவி கிளம்பி நொடியில் கெட்டிப்படும். உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். குனிந்து முகர்ந்து பார்ப்பது ஆய்வு முறையன்று. பெரிய பள்ளத்துக்கு எம்-சீல். இரண்டு உருண்டைகளையும் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். வரிவரியாகத் தெரியும்போதே அப்பியவர் வீட்டில் அது என்றும் பிசுபிசுக்கும்.

திரிதல் பக்கெட்டுக்கு உரியது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் கெட்டி பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். இரண்டிலும் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. காய்ந்ததும் பொருக்காக உரிந்து வரும். இதை அறியாமலே குடும்பத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாக பக்கெட்டுக்குப் பசை தடவி, தண்ணீர் பிடித்து, வராந்தாவை நனைத்து வருகிறார்கள். சால்டரிங் அயர்னால் விளிம்புகளை உருக்கி, அதே எண்ணுள்ள பழைய மூடியிலிருந்து ஒரு கீற்றையும் உருக்கிச் சேர்ப்பதே வழி. ஜன்னல் திறந்திருக்கட்டும். 2ஐயும் 5ஐயும் உருக்கி இணைத்தால், இணைந்ததுபோல் நடித்துவிட்டுப் பிரியும்.

பக்கெட் தன் பதவி கெட்டு, கறிவேப்பிலைத் தொட்டியாவது கெடுதல். ஓட்டை அப்போது குறையன்று, தகுதி.

புறனடை: ரிமோட்டின் பேட்டரி மூடி. அது பெரும்பாலும் ஏபிஎஸ். பசை நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஒடிவது அந்த மெல்லிய நாக்கு. திறக்கும்போதெல்லாம் வளைந்து கொடுக்க வேண்டிய உறுப்பு. விறைத்துப்போன ஒட்டு வளையாது, மறுபடி விடும். இவ்விடத்து ரப்பர் பேண்ட் இடுக.