ஒரே ஆலை, ஒன்பது லோகோ

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஆலை. பாதுகாப்பு, பயிற்சி, ஆயுத பூஜை என்று வீடியோ எடுத்துத் தள்ளுகிறோம். ஒவ்வொன்றிலும் லோகோ ஒரு நிறம், எழுத்து ஒரு தினுசு. என்ன வழி?
– ஒரு வாசகர், கவரைப்பேட்டை

பதில்: ஆளுக்கு ஒரு சீருடை கொடுத்த ஆலை, வீடியோவுக்கும் ஒன்று கொடுக்கலாமே! அதுதான் மோஷன் கிராஃபிக்ஸ் டெம்ப்ளேட். 2017 முதல் பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் இந்த வசதி உண்டு. வடிவமைப்பாளர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் டெம்ப்ளேட்டை ஒருமுறை செய்து, பெயர், பதவி இரண்டை மட்டும் மாற்றத் திறந்து வைப்பார். லோகோவும் நிறமும் பூட்டிலேயே இருக்கும். எடிட்டருக்கு மஞ்சள் பிடித்தாலும் கம்பெனி நீலம் நீலம்தான்.

டெம்ப்ளேட்டை வடிவமைப்பாளரிடம் வாங்கும்முன் ஒரு சோதனை: திரையில் வரும் பெயர்ப்பட்டையில் ‘கும்மிடிப்பூண்டி’ என்று அடியுங்கள். ஆங்கிலத்துக்கென்று அளந்த பட்டை அங்கேயே பிதுங்கிவிடும். எழுத்தின் நீளத்துக்கேற்பப் பட்டை விரிய வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், மென்பொருளின் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துள்ள ஃபாண்டும் வேண்டும்.

உங்கள் பகுதியில் தெலுங்கு, இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களும் உண்டு. அதே டெம்ப்ளேட்டில் மொழியை மாற்றி, எல்லோருக்கும் பாதுகாப்பு வீடியோ கொடுங்கள். ஒன்று மட்டும்: தடைக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள் என்பது பாதுகாப்புக் குறியீட்டு மரபு. அங்கே கம்பெனி நிறம் வழிவிடட்டும். லோகோவைவிட விரல்கள் முக்கியம்!