13 பாடங்களுக்கு நன்றி

பெறுநர்:
மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்,
கிருஷி பவன், புது தில்லி.

மதிப்புக்குரிய ஐயா,

ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே இருக்கும் அக்காள்மடத்திலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி எழுதிக்கொள்வது. நெத்திலி, திருக்கை, கணவாய் என்று காயவைத்து, இணையத்தில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறேன். கருப்பட்டியும் உண்டு. அது தனிப் பெட்டியில்தான் போகும், பயப்பட வேண்டாம்.

தொழில் பெருக வேண்டுமென்றால் மின்னஞ்சல் பட்டியல் வேண்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். முகவரி நம் கையில் இருந்தால் பெரிய தளங்களுக்குக் கமிஷன் அழவேண்டியதில்லை; நல்ல நெத்திலி வந்த அன்றே நாலு பேருக்கு நேரடியாகச் சொல்லிவிடலாம். ஆகவே கடையில் ஒரு நோட்டு வைத்தேன். சாமி கும்பிட்டுத் திரும்புகிற வேன்கள் நிற்கும்போது, விருப்பமுள்ளவர்கள் எழுதிவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. எழுதினார்கள். ஆனால் உப்புக் கை பட்ட தாளில் மை ஊறி, ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பது ஜிமெயிலா யாகூவா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கடை அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வீட்டு அட்ரஸ் குடுத்தா கருவாடு வரும். இதைக் குடுத்தா என்ன தம்பி வரும்?” என்று கேட்டார். சேது யாத்திரைக்காரர்கள் தங்கிப்போக மடம் கட்டிய ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். அந்த மடத்தில் தண்ணீர் கொடுக்குமுன் முகவரி கேட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஊர் பிழைக்கத் தெரியாமல் போனது அப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும்.

பட்டியல் வளர்ப்பதில் வல்லுநர் என்று ஒருவர் ஜூமில் வகுப்பெடுத்தார். கேட்டு வாங்குவதெல்லாம் பழைய காலம் என்றார். அவர் சொன்னதில் பாதி புரியாமல் தேடியபோதுதான், ஐயா, தங்கள் பெருமுயற்சி கண்ணில் பட்டது. 2023 நவம்பர் 30 அன்று, ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் ஏமாற்று உத்திகளைத் தடுக்க நெறிமுறைகள் வெளியிட்டு, 13 உத்திகளைப் பெயரோடும் உதாரணத்தோடும் இணைப்பில் கொடுத்திருக்கிறீர்கள். வல்லுநர் காசு வாங்கிக்கொண்டு சொன்னதெல்லாம் அதில் இலவசமாக இருக்கிறது.

செய்திமடலுக்குப் பெயர் கொடுத்தால்தான் பொருளே வாங்க முடியும் என்று கட்டாயப்படுத்துவதைத் தாங்களே எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். எனக்குத் தோன்றாத யோசனை. காப்பீடு வேண்டாம் என்கிற விமானப் பயணியை, “நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்” என்ற பொத்தானை அழுத்தவைப்பதும் அதில் உண்டு. அதையே கொஞ்சம் மாற்றி, “வேண்டாம், எனக்கு நாக்கு செத்துவிட்டது” என்று என் தளத்தில் போடலாமென்று இருக்கிறேன்.

ஆனால் என்னை அசரவைத்தது குழப்பக் கேள்விதான். எங்கள் தள்ளுபடிச் செய்திகளிலிருந்து நிரந்தரமாக விலக விரும்புகிறீர்களா என்று கேட்கவேண்டும். கீழே இரண்டு பதில்கள்: ‘ஆம், செய்திகள் பெற விரும்புகிறேன்’, ‘இப்போது வேண்டாம்’. இதில் விலக நினைப்பவர் எதை அழுத்துவார்? ‘ஆம்’ என்றால் மாட்டிக்கொண்டார். ‘இப்போது வேண்டாம்’ என்றால் விலகுவதுதான் இப்போது வேண்டாம் என்றும் பொருளாகும். எந்த வாசல் வழியாகப் போனாலும் என் பட்டியலுக்குள்தான் வந்து விழுவார். எங்கள் கடற்கரையில் எத்தனையோ வகை வலை உண்டு, ஐயா. இவ்வளவு நெருக்கமான கண்ணி எதிலும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் கேரி துர்க், கேளாமலே சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பினார். திட்டு விழுந்தது. வியாபாரமும் நடந்தது என்று பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார். தடை உத்தரவு எழுதுகிற எல்லாரும் அந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

தண்டனை எப்படி இருக்கும் என்ற கவலை எனக்கு இருந்தது. அதையும் தாங்களே போக்கினீர்கள். 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் சுய தணிக்கை செய்துகொள்ளும்படி இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுரை சொன்னீர்கள். நவம்பரில் 26 பெரிய தளங்கள், ‘எங்களிடம் அப்படி எதுவும் இல்லை’ என்று அவையாகவே எழுதிக் கொடுத்துவிட்டன. அரசும் மகிழ்ந்து செய்தி வெளியிட்டது.

இந்த வசதி கடலில் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கவேண்டும். மற்ற நாளிலும் மீன்வளத் துறை டோக்கன் தந்தால்தான் கடலுக்குப் போகலாம். ‘தடைக்காலத்தில் நான் மீன் பிடிக்கவில்லை’ என்று படகுக்காரரே ஒரு தாளில் எழுதி நீட்டினால் ஏற்றுக்கொள்வார்களா? மானியத்தையும் டீசலையும் மறந்துவிட வேண்டியதுதான்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2023இல் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தெளிவாகச் சம்மதம் கேள், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெற விடு என்கிற பகுதி நடைமுறைக்கு வர அதன்பின் 18 மாதம். அதற்குள் நான் பட்டியலைச் சேர்த்து முடித்துவிடுவேன்.

வல்லுநர் நடுங்கியது வேறொரு இடத்தில். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வழி வைக்கவேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று கூகுள் சொல்லிவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. கூகுள் கோபித்தால் மடல் ஸ்பேமில் போய் விழும். தாங்கள் கோபித்தால் பத்திரிகைக் குறிப்பு ஒன்று வரும். ஒரு அமெரிக்கக் கம்பெனி தன் அஞ்சல் பெட்டி நாறாமல் இருக்கப் போட்ட விதிக்கு இருக்கிற பல், இந்திய அரசிதழுக்கு ஏன் முளைக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். “அவங்க யாரையும் எழுதிக் குடுக்கச் சொல்லலையேப்பா, அவங்களே பாத்துக்கிறாங்க” என்றார். அவருக்கு அரசியல் போதாது.

ஆகவே இத்துடன் என் சுய உறுதிமொழியை இணைத்திருக்கிறேன். என் தளத்தை நானே தணிக்கை செய்தேன். நான் ஒத்துழைத்தேன், நான் திருப்தியடைந்தேன், குறை எதுவும் நான் காணவில்லை. 26 பேர் கொண்ட பட்டியலில் 27ஆவதாக என்னையும் சேர்த்து ஒரு சான்றிதழ் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அதைத் தபாலில் அனுப்பவும். எப்போதோ ஒரு செருப்பு வாங்கிய கடையிலிருந்து ‘இன்றே கடைசி’ என்று தினமும் வந்து என் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. விலகும் பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவன்,
கருவாட்டு வியாபாரி,
அக்காள்மடம்.