கண்டியும் கரட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. சோறு, பருப்பு, கோழிக்கறி தவிர வேறெதையும் தொடுவதில்லை. கரட்டைக் கண்டாலே வாயை இறுக்கிப் பூட்டிவிடுகிறான். பிடித்துவைத்து ஊட்டினால் என்ன?
(ஒரு அம்மா, கட்டுகஸ்தோட்டை)

பதில்: கண்டியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா, அம்மா? போர்த்துக்கேயர் பலவந்தமாக நுழையப் பார்த்தார்கள். 1638இல் கன்னொறுவையில் அவர்கள் படையே அழிந்தது. ஆங்கிலேயர் 1803இல் படையெடுத்து வந்து நாசமாகிப் போனார்கள். 1815இல் பிரதானிகளைச் சரிக்கட்டி ஒப்பந்தம் எழுதித்தான் இராச்சியம் கைமாறியது. உங்கள் மகனின் வாயும் கண்டி இராச்சியம்தான். முற்றுகைக்கு மசியாது, ஒப்பந்தத்துக்கு வரும்.

ஒப்பந்தத்தின் வாசகத்தை எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். அவரவர் எல்லைக்குள் அவரவர் நின்றால் சண்டைக்கு இடமில்லை.

கேள்வி: "நீ ஒழுங்காகப் பழக்கவில்லை" என்று மாமியார் குறை சொல்கிறார். குற்றம் என்னுடையதா?
(மருமகள், கம்பளை)

பதில்: இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பு. அதிலும் கசப்பு அவர்களுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே உறைக்கும். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. 1931இல் ஆர்தர் ஃபொக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கசக்கிறது என்று முகம் சுளித்தார். ஃபொக்ஸின் நாவுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. கோவா வகைகளின் கசப்பும் ஆளுக்கு ஆள் இப்படித்தான் மாறும், காரணம் மரபணு.

மாமியாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மாமி, உங்கள் மகன் நாலு வயதில் என்ன சாப்பிட்டார்?" பதில் வரத் தாமதமானால் வழக்குத் தள்ளுபடி.

கேள்வி: மகள் கங்குனை ஒருமுறை துப்பிவிட்டாள். அவளுக்குப் பிடிக்காது என்று அதோடு விட்டுவிட்டேன். சரிதானே?
(ஒரு அப்பா, குண்டசாலை)

பதில்: ஒருமுறை துப்பியதெல்லாம் தீர்ப்பல்ல, முதல் விசாரணை. ஒரு புதிய சுவை பிள்ளைக்குப் பழக்கமாக எட்டு முதல் பதினைந்து தடவைகூடச் செல்லும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மில் பலர் மூன்றாவது தடவையிலேயே கைகழுவிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவள் விரும்பும் சோற்றோடு, தட்டின் ஓரமாக, ஒரு தேக்கரண்டி அளவு கங்குன். சோற்றில் பிசையாதீர்கள்; பிசைந்தால் சோற்றின் மீதும் சந்தேகம் வரும். "எங்கே, ஒரு வாய்" என்று கெஞ்ச வேண்டாம். அவள் வாயையே பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். தொட்டுப் பார்த்தாலும் முகர்ந்து பார்த்தாலும் அன்றைய கணக்கில் வரவு. தொடாவிட்டால் பேச்சில்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

கேள்வி: போஞ்சி சாப்பிட்டால் ஐஸ்கிறீம் என்று பேரம் பேசுகிறேன். வேலை செய்கிறது!
(வெற்றிபெற்ற அம்மா, பேராதனை)

பதில்: அன்றைக்கு வேலை செய்யும். போஞ்சி என்பது ஐஸ்கிறீமுக்காகப் பட்டாக வேண்டிய கஷ்டம் என்பதையும் நீங்களே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. பரிசாகக் கிடைப்பதன் மேல் ஆசை கூடும். அதற்குக் கூலியாகத் தின்றதன் மேல் வெறுப்பு கூடும். ஐஸ்கிறீம் கொடுக்கும் நாளில் சும்மா கொடுங்கள். போஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தம் பேச வேண்டாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் போட்டதைத் தின்றோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு உபசாரம்?
(ஒரு தாத்தா, மாத்தளை வீதி)

பதில்: உண்மைதான் ஐயா. 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸும் உங்களுக்குச் சாட்சி. சோறும் உப்பும், கொஞ்சம் பச்சை இலையும், தேசிக்காய்ப் புளியும் மிளகும் இருந்தால் இந்த மக்கள் வயிறாரச் சாப்பிடுவார்கள் என்று 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் நொக்ஸ் காலத்தில் பின்னேரம் நாலு மணிக்குக் கிறீம் பிஸ்கட் இல்லை.

பிஸ்கட் இல்லாததன் பலனுக்கும் ஒரு சாட்சி உண்டு. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளையே உணவைத் தெரிவு செய்யவிட்ட தன் ஆய்வின் முடிவை 1939இல் வெளியிட்டார். பதினைந்து குழந்தைகள், 34 வகை உணவு, எதை வேண்டுமானாலும் தின்னலாம். தாதி கரண்டியோடு பேசாமல் இருக்க வேண்டும். குழந்தை கை நீட்டினால் மட்டுமே ஊட்ட வேண்டும். பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். சூட்சுமம் எங்கே தெரியுமா? அந்த 34இல் சீனியும் இல்லை, இனிப்புப் பண்டமும் இல்லை. உங்கள் காலத்து அலுமாரியும் அப்படித்தான் இருந்தது. பேரனைத் திட்டுவதை விட்டுவிட்டு, நீங்கள் வரும்போது வாங்கிவரும் பிஸ்கட் பையைக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: கட்லெட்டுக்குள்ளும் ரொட்டிக்குள்ளும் மரக்கறியை ஒளித்துக் கொடுக்கிறேன். இது ஏமாற்று வேலையா?
(ஒரு உம்மா, அக்குறணை)

பதில்: ஏமாற்று என்றால் நாட்டிலுள்ள தேநீர்க் கடைகள் எல்லாமே குற்றவாளிகள். முக்கோண மரக்கறி ரொட்டிக்குள் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் பதுங்கிக் கிடப்பது யாருக்குத் தெரியாது? தாராளமாக ஒளியுங்கள். ஆனால் ஒளித்ததை மட்டுமே கொடுத்தால் லீக்ஸின் முகம் பிள்ளைக்குத் தெரியவே வராது. மத்திய சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரு மரக்கறியை அவனே தெரிவு செய்யட்டும். வீட்டில் போஞ்சியை ஒடித்துத் தரட்டும். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் 'ஹெல பொஜுன்' உணவகத்துக்கு ஒரு நடை போங்கள். சுற்றியிருக்கும் எல்லோரும் இலைக்கஞ்சி குடிக்கும்போது தானும் குடிக்கப் பிள்ளைக்கு ஆசை வரலாம். போர்த்துக்கேயருக்கு வாய்க்காத வெற்றி உங்களுக்கு அங்கே வாய்க்கக்கூடும்.

கேள்வி: ஃபோனில் கார்ட்டூன் போட்டால் வாயைத் திறக்கிறாள்.
(அவசரக்கார அம்மா, திகன)

பதில்: வாய் திறக்கிறது, ஆள் அங்கே இல்லை. என்ன தின்றோம் என்றே தெரியாத பிள்ளைக்கு எந்த ருசி பழகும்?

கேள்வி: எப்படிச் சமைத்தால் சாப்பிடுவார்கள்? எதைக் கவனிக்க வேண்டும்?
(சமையற்காரி, கடுகண்ணாவை)

பதில்: நம் அடுப்படியிலேயே விடை இருக்கிறது. கரட், பூசணியில் உள்ள கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய்ச் சத்து வேண்டும். தேங்காய்ப்பால் கறி அதைத்தான் செய்கிறது. இலைவகையின் இரும்புச்சத்து சேரத் தேசிக்காய்ப் புளி உதவும்; வல்லாரைச் சம்பலில் அது ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைக்குச் செய்யும்போது பச்சைமிளகாயை மட்டும் விடுங்கள். தேயிலை விளையும் ஊர் என்பதற்காகச் சாப்பாட்டோடு பிளேன்டீ கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து சேர்வதை அது தடுக்கும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பச்சைக் கரட்டை வட்ட வட்டமாக வெட்டிக் கொடுப்பதும் ஆபத்து, தொண்டையில் சிக்கும். அவித்து நீளவாட்டில் வெட்டுங்கள்.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும்?
(கவலைக்கார அம்மா, அம்பிட்டிய)

பதில்: இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல். பழமும் அதில் அடக்கம்; பப்பாசியும் மாம்பழமும் உங்கள் கட்சி. கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். கோடு படுத்தாலோ இறங்கினாலோ, பிள்ளை வெளிறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஏற்கெனவே தின்றவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கினாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேவையானால் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: எனக்குப் பாகற்காய் வாசனையே ஆகாது. மகனைச் சாப்பிட வைக்க வழி சொல்லுங்கள்.
(ஒரு தந்தை, கண்டி நகரம்)

பதில்: முதலில் உங்கள் தட்டில் இரண்டு துண்டு வையுங்கள், ஐயா. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சாப்பிட்ட பிறகு எழுதுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.